பிள்ளைகளின் படிப்பை நிறுத்தாமல் இந்தக் கடனிலிருந்து மீள முடியுமா?

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு 38 வயது. வியாசர்பாடியில் குடியிருக்கிறோம். என் கணவருக்கு 42 வயது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தில் பதினொரு ஆண்டுகளாக லேத் ஆபரேட்டராக இருந்தார். மாதச் சம்பளம் 15,000 ரூபாய். அவருக்கு இரண்டு சிறுநீரகங்களிலும் நீர்க்கட்டிகள் இருக்கின்றன. அவருடைய அம்மாவும் இதே நோயில்தான் இறந்தார். நான்கு மாதங்களாக வேலைக்குப் போக முடியாமல், ஒரு தனியார் மையத்தில் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். ஒரு முறைக்கு 1,700 ரூபாய் ஆகிறது. நான் அண்ணா நகரில் இரண்டு வீடுகளில் சமையல் வேலை செய்து 7,800 ரூபாய் சம்பாதிக்கிறேன். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வருகிறது. கொழுந்தனார் மாதம் 3,000 கொடுக்கிறார். ஐந்து சவரனில் மூன்றை அடகுக் கடையில் வைத்து 90,000 வாங்கினேன். மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி. குழுக் கடன் 40,000 பாக்கி. இது போதாமல் தண்டலும் வாங்கியிருக்கிறேன்.

மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடிக்கப் போகிறாள். மகன் ஒன்பதாம் வகுப்பு. நன்றாகப் படித்தவன், இப்போது மதிப்பெண் பாதியாகிவிட்டது. கடைசி மகள் மூன்றாம் வகுப்பு. மகனை இரு சக்கர வாகன மெக்கானிக் கடையில் விட்டால் மாதம் 6,000 தருவார்கள், மகளுக்கு நோய் விஷயம் வெளியே தெரிவதற்குள் வரன் பார்த்துவிடலாம் என்று நாத்தனார் சொல்கிறார். "கஷ்டத்துல வளர்ற புள்ளைங்க எதையும் தாங்கும்" என்பது அவர் வாதம். கணவரின் நிறுவனம், ராஜினாமா எழுதிக் கொடுத்தால் உதவியாக ஒரு லட்சம் ரூபாய் தருவதாகச் சொல்கிறது. தெரிந்த முகவர் ஒருவர் பிள்ளைகள் பெயரில் மாதம் 1,500 ரூபாய் பாலிசி போடச் சொல்கிறார். ஒரு பரிசோதனைக் கூடத்தில் மூவருக்கும் மரபணுப் பரிசோதனை எடுக்கச் சொல்கிறார்கள். எதை முதலில் செய்வது என்றே புரியவில்லை.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: சகோதரி, முதலில் ஒன்றைச் செய்யாமல் இருங்கள். உங்கள் கணவர் எந்தக் காகிதத்திலும் கையெழுத்திட வேண்டாம். நீங்கள் கேட்டிருப்பவற்றுள் மிக அவசரமானது அந்த ராஜினாமாக் கடிதம்தான். மற்றவை ஒரு வாரம் தள்ளிப்போனாலும் பெரிய நட்டமில்லை.

நிறுவனம் உதவி என்று சொல்லும் அந்த ஒரு லட்சத்தை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் (கிராஜுவிட்டி) சட்டம் வகுத்த கணக்குப்படி, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவருக்கு, கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் சேர்த்து 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் மீண்டும் பெருக்க வேண்டும். அந்தத் தொகை 15,000 ரூபாய் என்றால், பதினொரு ஆண்டுகளுக்கு 95,000 ரூபாய்க்குச் சற்று மேல் வருகிறது. ஆக, அவர்கள் கொடுக்க முன்வந்திருப்பது ஏறக்குறைய அவருக்குச் சேர வேண்டிய பணிக்கொடைதான். எப்போது வேலையை விட்டாலும் அது வந்தே தீர வேண்டிய பணம். அதை இன்றைக்கு வாங்குவதற்காக அவர் விட்டுக்கொடுக்கப் போவது என்ன என்பதுதான் கேள்வி.

அவருடைய பழைய சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். பிடித்தம் என்ற பகுதியில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) என்றும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) என்றும் இரண்டு வரிகள் இருக்கும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்ததால் இ.எஸ்.ஐ. பிடித்திருக்கவே பெரும்பாலும் வாய்ப்பு. சம்பளத்தில் முக்கால் சதவீதம் என்பதால், 15,000 ரூபாய்க்கு 113 ரூபாய் என்பது போன்ற சிறிய தொகையாகத்தான் அது கண்ணில் படும். அதனாலேயே பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. அந்த வரி இருக்குமானால் உங்கள் கணவரின் டயாலிசிஸுக்கு நீங்கள் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டிய அவசியம் இருந்திருக்காது. வியாசர்பாடியிலிருந்து அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனை தொலைவும் இல்லை. அடையாள அட்டை, ஆதார், இதுவரை எடுத்த மருத்துவ அறிக்கைகள் ஆகியவற்றுடன் உங்கள் பகுதி இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய்ப் பரிந்துரைச் சீட்டு வாங்குங்கள்.

சிகிச்சை மட்டுமன்று. வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு இ.எஸ்.ஐ. பணமாகவும் கொடுக்கிறது. முதல் 91 நாட்களுக்குச் சராசரிச் சம்பளத்தில் 70 சதவீதம். அதன் பிறகு, அவர்கள் பட்டியலிட்டிருக்கும் 34 நீண்டகால நோய்களுள் ஒன்றாக இருந்தால், 80 சதவீதம் வீதம் இரண்டு ஆண்டுகள் வரை கிடைக்கும். நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறது. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும், முந்தைய நான்கு பங்களிப்புக் காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 156 நாட்களுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். பதினொரு ஆண்டுக்காரருக்கு இவை தடையாக இருக்கக் காரணமில்லை. அதாவது மாதம் சுமார் 12,000 ரூபாய். மகனை மெக்கானிக் கடைக்கு அனுப்பி நீங்கள் பெற நினைக்கும் தொகையைப்போல் இரண்டு மடங்கு, அவனுடைய அப்பாவின் பெயரிலேயே கிடப்பில் இருக்கிறது. கடந்துபோன நான்கு மாதங்களுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை இ.எஸ்.ஐ. கிளை அலுவலகம் முடிவு செய்யும். இனிமேலும் நாள் கடத்தாதீர்கள்.

பி.எஃப். விஷயத்திலும் இதே எச்சரிக்கை. எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும்: பணியில் இருக்கும் நிலையில் ஓர் உறுப்பினர் இறந்தால், அவர் பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து பணியாற்றியிருப்பின், பி.எஃப். உடன் இணைந்த காப்பீட்டிலிருந்து குடும்பத்துக்குக் குறைந்தது 2.5 லட்சம், அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் கிடைக்கும். ராஜினாமா செய்து பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கிவிட்டால் அந்தப் பாதுகாப்பும் நீங்கிவிடும். கைக்குப் பணம் வேண்டுமென்றால் அதற்காக வேலையை விட வேண்டியதில்லை. உறுப்பினரின் சொந்தச் சிகிச்சைக்காகப் பி.எஃப். சேமிப்பில் ஒரு பகுதியை முன்பணமாக எடுக்கலாம். இனி அவரால் எந்த வேலையும் செய்ய இயலாது என்று மருத்துவக் குழு சான்றளித்தால், 58 வயதுவரை காத்திராமல் ஊனமுற்றோர் ஓய்வூதியம் கேட்கவும் ஓய்வூதியத் திட்டத்தில் வழி இருக்கிறது. நியமனதாரராக யார் பெயர் இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். திருமணத்துக்கு முன்பு வேலையில் சேர்ந்தவர்கள் பலருடைய கணக்கில் இன்னமும் அம்மாவின் பெயரே இருக்கிறது.

ஒருவேளை அந்த நிறுவனம் இ.எஸ்.ஐ. கட்டவே இல்லை என்று தெரியவந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உங்களுக்கு உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. டயாலிசிஸும் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சையும் அதில் அடங்கும். திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிக்கொண்டு, குடும்ப அட்டை, ஆதாருடன் ராஜாஜி சாலையில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் பதியலாம். அட்டை வரும்வரை சென்ட்ரல் எதிரிலுள்ள ஜி.எச். அல்லது ஸ்டான்லிக்குப் போங்கள். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் மாதம் பதினான்காயிரம் ரூபாய் மிஞ்சும். அறக்கட்டளை வழியாகக் குறைந்த கட்டணத்தில் டயாலிசிஸ் செய்ய, 1993இல் சென்னையில் தொடங்கிய டாங்கர் அமைப்பும் இருக்கிறது.

இனி கடன். மூன்றில் தண்டலைத்தான் முதலில் முடிக்க வேண்டும். உங்களிடமுள்ள தண்டல் அட்டையைப் பாருங்கள். வழக்கமாக 10,000 என்று எழுதிவிட்டு 8,500 ரூபாயைக் கையில் கொடுப்பார்கள். நாளுக்கு 100 வீதம் நூறு நாள் கட்டங்களில் கோடு போட்டுக்கொண்டே வருவார்கள். நூறு நாளில் 1,500 ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், உண்மையில் உங்கள் கையில் சராசரியாக இருப்பது அந்த 8,500இல் பாதிதான். ஆண்டு வட்டியாகக் கணக்கிட்டால் நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். பி.எஃப். முன்பணம் வந்த அன்றைக்கே இதை முடித்து, அட்டையை வாங்கிக் கிழித்துவிடுங்கள். அடுத்தது நகை. நூற்றுக்கு இரண்டு என்றால் 90,000 ரூபாய்க்கு ஆண்டு வட்டி 21,600; கூட்டுறவு வங்கியிலோ பொதுத்துறை வங்கியிலோ ஆண்டுக்குப் பத்து சதவீதத்தை ஒட்டி வாங்கினால் 9,000தான். மீதிப் பணத்தில் நகையைத் திருப்பி, தேவையான அளவுக்கு மட்டும் வங்கியில் வையுங்கள். மிச்சமுள்ள இரண்டு சவரனில் கை வைக்காதீர்கள். குழுக் கடனைத் தவணை தவறாமல் கட்டினால் போதும். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவது நேர்மையாகத் தோன்றலாம்; அதில் லாபம் தண்டல்காரருக்கு மட்டுமே.

பிள்ளைகள் பெயரில் பாலிசி இப்போது வேண்டவே வேண்டாம். உங்கள் வீட்டில் காப்பீடு எடுக்க வேண்டிய ஆள் நீங்கள். ஏனென்றால் இன்று சம்பாதிப்பவர் நீங்கள் ஒருவர்தான். உங்கள் வங்கிக் கணக்கிலேயே ஆண்டுக்கு 436 ரூபாயில் 2 லட்சத்துக்கான ஆயுள் காப்பீடும், 20 ரூபாயில் 2 லட்சத்துக்கான விபத்துக் காப்பீடும் எடுக்கலாம். கணவரின் பாஸ்புக்கையும் புரட்டிப் பாருங்கள்: முந்தைய ஆண்டுகளில் மே மாத இறுதியில் 436 ரூபாய் கழிந்திருந்தால் அவருக்கு அந்தக் காப்பீடு ஏற்கெனவே இருக்கிறது. அப்படியானால், கணக்கில் பணமில்லாமல் அது அறுந்துபோகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அது அறுந்து மறுபடி சேர்ந்தால், விபத்தல்லாத இறப்புக்கு முதல் 30 நாட்களுக்குக் காப்பீடு கிடையாது.

இப்போது உங்கள் நாத்தனாரின் வாதத்துக்கு வருகிறேன். கஷ்டத்தில் வளரும் பிள்ளைகள் தாங்குவார்கள் என்பது பாதி உண்மை. ஹவாயில் உள்ள கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, பெற்றோரின் மனநோய், குடும்பச் சண்டை என்று பல சுமைகளோடு வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல நிலைக்கு வந்தார்கள். மூன்றில் ஒரு பங்குதான், எல்லோருமல்லர். அவர்களைத் தாங்கிப் பிடித்தவை எவை என்று பார்த்தபோது, நம்பிக்கையான ஒரு பெரியவரின் நிலையான துணை, குடும்பத்துக்கு வெளியே ஓர் ஆசிரியரோ அண்டை வீட்டாரோ காட்டிய அக்கறை, வீட்டில் தன்னால் ஆகும் ஒரு பொறுப்பு ஆகியவை தென்பட்டன. நன்றாகக் கவனியுங்கள்: பொறுப்பு என்றால் குடும்பத்தைச் சம்பாதித்துக் காப்பாற்றும் சுமையன்று. சனிக்கிழமை டயாலிசிஸுக்கு அப்பாவோடு துணைக்குப் போவதும், ரேஷன் கடைக்குப் போய்வருவதும், அப்பா குடிக்கும் தண்ணீரின் அளவை எழுதி வைப்பதும் உங்கள் மகனை உறுதியாக்கும். மெக்கானிக் கடை அவனைப் பள்ளியிலிருந்து எடுத்துவிடும்.

மதிப்பெண் பாதியானதற்கு அவனைத் திட்டியிருப்பீர்கள். நம் தமிழ்நாட்டிலேயே 464 கரும்பு விவசாயிகளிடம் நடத்திய ஓர் ஆய்வு 2013இல் வெளிவந்தது. அறுவடைக்கு முன்பு, கையில் காசில்லாமல் நெருக்கடியில் இருக்கும்போது வைத்த சிந்தனைத் தேர்வில், அதே மனிதர்கள், அறுவடைப் பணம் வந்த பின்பு செய்ததைவிட மோசமாகச் செய்தார்கள். பணக் கவலை பெரியவர்களின் மூளையையே அவ்வளவு பிடித்துக்கொள்ளும் என்றால், தண்டல்காரர் தினமும் மாலையில் வாசலில் வந்து நிற்கும் வீட்டில் பதினான்கு வயதுப் பையன் அல்ஜீப்ராவில் கவனம் செலுத்துவது எப்படி? தண்டலை முதலில் முடிக்கச் சொன்னதற்கு வட்டிக் கணக்கு மட்டுமே காரணமன்று.

அந்த 6,000 ரூபாய்க்காக அவன் இழக்கப்போவதையும் எழுதிவிடுகிறேன். பெற்றோர் உயிருக்கு ஆபத்தான நோயால் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் குழந்தைகளுக்கு, மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவாக மாதம் 4,000 ரூபாய், 18 வயது வரை வழங்க வழியிருக்கிறது. நகரங்களில் குடும்ப ஆண்டு வருமானம் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். சென்னை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும்; 1098 என்ற எண்ணில் அழைத்தால் வழி சொல்வார்கள். ஒளிவுமறைவின்றிச் சொல்வதென்றால், இ.எஸ்.ஐ. தொகை மாதாமாதம் வரத் தொடங்கினால் உங்கள் வருமானம் அந்த வரம்பைக் கடந்துவிடும்; கொழுந்தனார் தரும் உதவியைக் கணக்கில் சேர்க்கிறார்களா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். இ.எஸ்.ஐ. கிடைக்காத பட்சத்தில் இது பெரிய ஆதாரம். அடுத்து, ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்கல்விப் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடம், அந்த இடத்துக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இடையில் பள்ளியை விட்டால் இவை எல்லாமே போய்விடும். அப்பாவின் கைத்தொழில் மேல் அவனுக்கு ஆசை என்றால், பத்தாம் வகுப்பு முடித்து அரசு ஐ.டி.ஐ.யில் சேரட்டும்.

மகளுக்கும் அப்படியே. 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று வேண்டும். தலைமையாசிரியரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வரும். வீட்டில் யாரும் பட்டதாரி இல்லையென்றால் முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழும் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் பதிவு செய்தால், பிள்ளைகளின் படிப்புக்கு அங்கேயும் உதவித்தொகை உண்டு. வரன் பற்றி நான் சொல்லக் கூடியது குறைவு: 18 வயதுக்கு முன் திருமணம் சட்டப்படி குற்றம். நோயை மறைத்துச் செய்யும் திருமணமோ, அது தெரியவரும் நாளில், நகையையும் பெண்ணையும் சேர்த்தே திருப்பி அனுப்பும்.

கணக்கு நோட்டை மகளிடம் காட்டலாம். எவ்வளவு வருகிறது, எவ்வளவு கடன், எது எப்போது முடியும் என்பது அவளுக்குத் தெரியட்டும். தெரியாத கடன்தான் பிள்ளைகளுக்கு ராத்திரியில் பெரிதாகத் தெரியும். ஆனால் கடன் கொடுத்தவருக்குப் பதில் சொல்லும் வேலையை எந்தப் பிள்ளையிடமும் ஒப்படைக்காதீர்கள்.

மரபணுப் பரிசோதனைக்கு இப்போது பணம் செலவழிக்க வேண்டாம். பெற்றோரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே 50 சதவீத வாய்ப்பு. ஒருவருக்கு இருப்பதோ இல்லாததோ மற்றவருடைய வாய்ப்பை மாற்றாது. பெரும்பாலோருக்கு நடுவயது வரை பெரிய தொந்தரவு வருவதில்லை. பொதுவாக இதைக் கண்டறிய அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் போதும். அதைப் பதினெட்டு வயதான பிறகு, மகளே மருத்துவரிடம் பேசி, தான் விரும்பும்போது அரசு மருத்துவமனையில் எடுத்துக்கொள்ளலாம். சிறியவர்கள் இருவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை இரத்த அழுத்தம் பார்த்தால் போதுமா என்று கணவரின் மருத்துவரிடமே கேளுங்கள். கொழுந்தனார் சிறுநீரகம் தர முன்வந்தால், அவருக்கும் இதே நோய் இல்லை என்று முதலில் உறுதி செய்தாக வேண்டும்.

இந்த நோயின் சாயல் உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு எப்படிப்பட்ட வேலை நல்லது என்பதை மூவரிடமும் இப்போதிருந்தே பேசுங்கள். தனியார் நிறுவனத்தின் ஆயுள் காப்பீட்டுப் படிவத்தில் பெற்றோருக்கு என்ன நோய் என்ற கேள்வி இருக்கும். உண்மையைத்தான் எழுத வேண்டும், அதனால் பிரீமியம் கூடலாம், மறுக்கவும் செய்யலாம். மறைத்து எடுத்த பாலிசியை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுவனம் கேள்வி கேட்க முடியும். முதலமைச்சர் காப்பீட்டிலும் இ.எஸ்.ஐ.யிலும் அந்தக் கேள்வியே கிடையாது. ஆகவே, பிடித்தம் எதுவும் இல்லாமல் கையில் இரண்டாயிரம் கூடுதலாகத் தரும் கடையைவிட, சம்பளச் சீட்டில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்ற இரண்டு வரிகள் உள்ள வேலையே உங்கள் பிள்ளைகளுக்கு மேல்.